அகிஹபாரா: கேபிள் கூடைக்குள் கையை விடும் முன்

டோக்கியோவின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான அகிஹபாராவுக்குப் பழைய கேம் கன்சோல் வாங்கப் போகிறீர்கள் என்றால், விமானம் ஏறுமுன் வீட்டு டிவியின் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் உங்கள் கையிலிருக்கும் கருவிகளிலேயே மிக உபயோகமானது அந்தப் படம்தான். கன்சோலில் எத்தனை நல்ல சிக்னல் இருந்தாலும் டிவியில் அதற்கான வாய் இல்லையென்றால் பலனில்லை. இப்போது நம்மூரில் விற்கும் பல டிவிகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகளே கிடையாது. ஹெட்போன் ஓட்டை போல ஒன்று மட்டும் இருக்கும். அதற்கான நான்கு வளையப் பின்னில் எந்த வளையத்துக்கு எந்தச் சிக்னல் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மஞ்சளில் படம் வராவிட்டால் டிவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாமல், அதே வயரைச் சிவப்பிலும் வெள்ளையிலும் மாற்றிச் செருகிப் பாருங்கள்.

ஜேஆர் அகிஹபாரா நிலையத்தின் எலெக்ட்ரிக் டவுன் வாசலில் இறங்கினால் ரயில் பாலத்துக்கு அடியிலேயே ரேடியோ சென்டர். ஆள் அகலம்தான் நடைபாதை. இரு பக்கமும் பிளக், சாக்கெட், சுவிட்ச், சுருள் வயர். சொந்தமாகச் சால்டர் பிடித்து கேபிள் செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. மற்றவர்கள் சூவோ தோரி பெருஞ்சாலையைக் கடந்து பின்தெருக்களுக்குப் போகலாம். ஞாயிறு பகல் 1 மணிக்கு மேல் அந்தச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். நடக்கச் சுகம், ஆனால் கடைகளில் கூட்டம் நெரியும். பழைய கேம் கடைகள் பெரும்பாலும் காலை 11 மணிக்குத் திறக்கின்றன. வேலைநாள் காலைதான் என் பரிந்துரை.

பழைய கேம் கடையான சூப்பர் பொட்டேட்டோவில் முதலில் ஐந்தாம் மாடிக்கு ஏறுங்கள். அங்கே பழைய ஆர்கேட் மெஷின்கள் இருக்கின்றன. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில் பிக்சர் டியூபுக்குப் போகும் படம் எப்படியிருக்கும் என்று கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். எழுத்தின் விளிம்பு கத்தி போல நிற்கும், சிவப்பு வழியாது. கன்சோலோடு வரும் மஞ்சள் வயரில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து போகின்றன. டிவி அவற்றைத் திரும்பப் பிரிக்கும்போது முழுதாகப் பிரியாது. விளிம்புகளில் புள்ளிகள் ஊர்வதும், மரியோவின் சிவப்புச் சட்டை பக்கத்து நிறத்தில் கசிவதும் அதனால்தான். விலையுயர்ந்த மஞ்சள் வயர் வாங்கினாலும் இது தீராது. மாற வேண்டியது வயரின் தரமல்ல, வகை.

முதல் படி 'எஸ் டான்ஷி', அதாவது எஸ்-வீடியோ. இதில் வெளிச்சத்துக்கு ஒரு கம்பி, நிறத்துக்கு ஒரு கம்பி. நின்டெண்டோவின் ஒரே எஸ்-வீடியோ கேபிள் சூப்பர் ஃபேமிகாம் (1990), நின்டெண்டோ 64 (1996), கேம்க்யூப் (2001) மூன்றுக்கும் பொருந்தும். கடைகளில் பழைய கேபிள்களைக் குவித்து வைத்திருக்கும் கூடைக்குள் ஒன்று கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். ஆனால் பின்னாளில் வந்த சின்ன உருவ சூப்பர் ஃபேமிகாம் ஜூனியரில் பிளக் மட்டும்தான் அதே; உள்ளே எஸ்-வீடியோவும் ஆர்ஜிபியும் எடுக்கப்பட்டுவிட்டன. 1983-இன் சிவப்பு வெள்ளை ஃபேமிகாம் ஆன்டெனா வழியாக மட்டுமே படம் தரும். ஜப்பானின் சேனல் அலைவரிசை வேறு என்பதால் நம்மூர் டிவியில் அதைப் பிடிப்பது பெரும்பாடு. விளையாடத்தான் வேண்டும் என்றால் 1993-இன் நியூ ஃபேமிகாமை வாங்குங்கள். அதில் மஞ்சள் வயர் செருகலாம்.

அடுத்தது ஆர்ஜிபி, அதாவது ஆர்கேட் மெஷினில் பார்த்த அந்தத் தனித்தனிச் சிவப்பு, பச்சை, நீலம். அதிகப் பணம் வீணாவது இங்கேதான். ஜப்பானின் 21 பின் ஆர்ஜிபி பிளக்கும் ஐரோப்பாவின் ஸ்கார்ட் பிளக்கும் பார்க்க அச்சு அசல் ஒன்றே. உள்ளே வயரிங் வேறு. சிவப்பு இரண்டிலும் 15-ஆம் பின். ஆனால் பச்சையும் நீலமும் ஸ்கார்டில் 11, 7. ஜப்பானியதில் 19, 20. ஒன்றை மற்றதில் செருகினால் படம் வராது என்பதோடு போகாது, ஒரு பக்கத்தின் வெளியீடு மறுபக்கத்தின் வெளியீட்டோடு மோதிக் கருவி பழுதாகலாம். பழைய சிக்னலை எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் ஓஎஸ்எஸ்சி போன்ற கன்வெர்ட்டர்களில் இருப்பது ஐரோப்பிய வயரிங். அகிஹபாராவில் எடுக்கும் 21 பின் கேபிளை அதில் நேராகச் செருகக் கூடாது. நடுவே மாற்றி ஒன்று வேண்டும். எதிர்த்திசைத் தவறும் உண்டு. ஐரோப்பிய சூப்பர் நின்டெண்டோவுக்கான (சூப்பர் ஃபேமிகாமின் வெளிநாட்டுப் பெயர்) கேபிளில் மூன்று நிறக் கம்பிகளிலும் 75 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். ஜப்பானியக் கன்சோலுக்கு வேண்டியதோ 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். மாற்றிப் போட்டால் படம் வரும், வெளிச்சம் தவறாக வரும். இன்னொன்று: நின்டெண்டோ 64-க்கு ஆர்ஜிபி கேபிள் என்று எழுதியிருந்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள். உள்ளே மாற்றம் செய்யாத கன்சோல் ஆர்ஜிபி தராது.

கூடைகளில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் டி டான்ஷி கேபிள். ஜப்பானில் மட்டுமே புழங்கிய, 'டி' எழுத்து வடிவப் பிளக். வெளியூர்க்காரர்களுக்கு அது என்னவென்று தெரியாததால் தீண்டுவாரற்றுக் கிடக்கும். அதற்குள் ஓடுவது, பச்சை, நீலம், சிவப்பு என மூன்று வயரில் படம் வரும் காம்பொனன்ட் சிக்னல்தான். ஒரு முனையில் டி பிளக்கை ஏற்கும் ஓட்டை, மறுமுனையில் பச்சை, நீலம், சிவப்பு உள்ள கேபிள் ஒன்று சேர்த்து வாங்கினால் போதும், வேறு கருவி வேண்டாம். டி1 என்றால் 480ஐ, டி2 480பி, டி3 1080ஐ, டி4 720பி. எண் படத்தின் வரிகள்; 'ஐ' என்றால் பாதிப் பாதி வரியாக மாறி மாறி வரும், 'பி' என்றால் எல்லா வரியும் ஒன்றாக வரும். ஒலி இதில் போகாது, தனி வெள்ளை சிவப்புப் பின்னில் வரும். ஆக இரண்டு சிவப்பு. அவற்றை மாற்றிச் செருகினால் படத்தில் சிவப்பு இருக்காது, ஒரு ஸ்பீக்கரில் இரைச்சல் வரும். பிளேஸ்டேஷன் 2-இல் செட்டிங்கில் ஆர்ஜிபியிலிருந்து காம்பொனன்டுக்கு மாற்ற மறந்தால் நிறமெல்லாம் பிசகிவிடும். அதனால் முதலில் மஞ்சள் வயரில் போட்டு செட்டிங்கை மாற்றிவிட்டு அப்புறம் கேபிளை மாற்றுங்கள். நின்டெண்டோவின் வீ கன்சோலில் 480பி-யைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேம்க்யூப் வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். பின்னால் இரண்டு வீடியோ ஓட்டைகள் இருந்தால் அதை எடுங்கள். இரண்டாவது டிஜிட்டல் வெளியீடு. அதற்கான அசல் கேபிளின் பிளக்குக்குள்ளேயே ஒரு சிப் இருக்கிறது, அதுதான் அதன் அநியாய விலைக்குக் காரணம். அதே ஓட்டையில் செருகும் எச்டிஎம்ஐ அடாப்டர்கள் இன்று கிடைப்பதால் அசலைத் துரத்த வேண்டியதில்லை.

சரி, டிவி புதியது, எச்டிஎம்ஐ மட்டும்தான் இருக்கிறது என்றால்? மஞ்சள் வயரை எச்டிஎம்ஐ ஆக்கும் மலிவான ஏவி டு எச்டிஎம்ஐ டப்பாவை மட்டும் வாங்காதீர்கள். பழைய கன்சோல்கள் அனுப்புவது 240பி. அந்த டப்பா அதை 480ஐ என்று தப்பாக எடுத்துக்கொண்டு, இல்லாத பாதி வரிகளைப் பின்னிப் பிணைக்கும். மினுங்கும் நிழலும் அரித்த விளிம்பும் அதன் விளைவு. பொத்தானை அழுத்திப் படம் நகரத் தாமதமும் கூடும். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் என்றால் சுமார் 16.7 மில்லிசெகண்ட், இரண்டு மூன்று ஃபிரேம் போனாலே மரியோ குழியில் விழுவார். ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் போன்றவை வரியை வரியாகவே பெருக்குகின்றன. பட்ஜெட்டில் இடமிருந்தால் இதற்குச் செலவழியுங்கள், தங்க முலாம் பூசிய வயருக்கு அல்ல.

நிலையத்தின் மறுபக்கம் யோடோபாஷி என்ற பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடை. இங்கே டிவி வாங்க வேண்டாம், பார்த்துவிட்டு வாருங்கள். பளிச்சென்ற கடை மோடில் ஓடும் டிவியைப் பார்த்து முடிவு செய்யாமல், ஊழியரிடம் கேட்டு 'கேம் மோடு'க்கு மாற்றச் சொல்லுங்கள். விளையாடும்போது படம் எப்படியிருக்கும் என்பது அப்போதுதான் தெரியும். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது 4கே 120 ஹெர்ட்ஸ் வாங்கும் ஓட்டைகள் எத்தனை என்பது. பல மாடல்களில் இரண்டுதான். அதில் ஒன்று சவுண்ட்பாருக்கான இஆர்க் ஓட்டையாகவும் இருக்கும். இரண்டு கன்சோலும் சவுண்ட்பாரும் இருந்தால் இடிக்கும். சரியான ஓட்டையில் செருகியும் 120 வரவில்லையா? அந்த ஓட்டைக்கான செட்டிங் அணைந்திருக்கும். சோனியில் எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட், சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் டீப் கலர் என்று பெயர். கறுப்பு சாம்பலாக வெளுத்திருந்தாலும், இருட்டு முழுக்க அப்பிக் கிடந்தாலும் கேபிளைப் பழிக்காதீர்கள். கன்சோலின் ஆர்ஜிபி ரேஞ்சும் (கறுப்பு முதல் வெள்ளை வரையிலான அளவு) டிவியின் ரேஞ்சும் ஒத்துப்போகவில்லை, இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

எச்டிஎம்ஐ கேபிளில் சொல்ல அதிகமில்லை. 4கே 120-க்கு 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' என்று ஸ்கேன் செய்து சரிபார்க்கும் லேபிள் ஒட்டியது வேண்டும். பிளேஸ்டேஷன் 5 பெட்டியிலேயே ஒன்று வருகிறது. முதல் ஸ்விட்சின் 1080பி-க்கு வீட்டிலிருக்கும் பழைய கேபிளே தாராளம். போதாத கேபிளில் படம் மங்காது; வெள்ளைப் புள்ளிகள் தெறிக்கும் அல்லது திரை ஓரிரு நொடி கறுத்து மீளும். மூன்று மீட்டருக்கு மேல் வேண்டுமென்றால் ஆப்டிகல் வகை எடுங்கள். அதற்குத் திசை உண்டு; டிவி என்று குறித்த முனையைக் கன்சோலில் செருகினால் படமே வராது.

கடையில் 'ஜங்க்கு' என்று எழுதியிருந்தால் உத்தரவாதமும் இல்லை, திருப்பவும் முடியாது. கேபிளுக்கு அது பரவாயில்லை, கன்சோலுக்கு 'தோசா காகுனின் ஸுமி', அதாவது ஓட்டிப் பார்த்தது என்ற சீட்டு இருப்பதை எடுங்கள். அடாப்டரின் அடியில் 100 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான். 100 வோல்ட் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்க வேண்டும், கன்சோல் குடிக்கும் வாட்டைப் போல இரு மடங்கு தாங்குவதாக. சூப்பர் ஃபேமிகாம் அடாப்டரில் நடு முனை நெகட்டிவ். உள்ளூர் 9 வோல்ட் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் பாசிட்டிவ், அதைப் போடாதீர்கள்.

அகிஹபாராவைப் பயணத்தின் கடைசி நாளுக்கு வைக்காமல் முதலிரண்டு நாளில் முடித்துவிடுங்கள். அன்றிரவே விடுதி டிவியில் செருகிப் பார்த்து, பிளக்கை மெல்ல அசைத்து, படம் விட்டுவிட்டு வருகிறதா என்று கவனியுங்கள். ஜங்க்கு அல்லாத பொருளுக்கு ரசீது கையிலிருந்தால் மறுநாள் காலை 11 மணிக்கு மாற்றிக்கொள்ள முடியும்.