பரீட்சை வருஷத்தில் பைபிள் வாசிப்பு

செகண்டரி படிக்கிற தம்பி தங்கச்சிகளே, பைபிளோட முதல் புத்தகமான ஆதியாகமத்துல தொடங்காதீங்க. ஒரு நாளைக்கு 3 அதிகாரம்னு ஜனவரி 1-ல ஆரம்பிச்சா, ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 முடிஞ்சு 31-ஆம் தேதி லேவியராகமம் வந்துடும். பலி முறைகள், தீட்டுச் சட்டங்கள்னு வரிசையா வரும். பலர் விட்டுடுறது அங்கேதான்.

மாற்கு சுவிசேஷத்தை எடுங்க. மொத்தமே 16 அதிகாரம். பள்ளி நாளுக்கு ஒண்ணுன்னா மூணு வாரம், ஒரு நாள். எம்ஆர்டி ரயில்ல போற நேரமே போதும். முந்தின ராத்திரியே டவுன்லோட் பண்ணி, போனை ஃப்ளைட் மோடில் போடுங்க. இல்லாட்டி வகுப்பு வாட்ஸ்அப் குரூப்தான் ஜெயிக்கும்! பழைய திருப்புதல், அதாவது பழைய மொழிபெயர்ப்போட தமிழ் கஷ்டமா இருந்தா ஆங்கிலத்துல படிங்க, பாவமில்லை. ஒரு வசனத்தை மட்டும் தமிழில் சத்தமா வாசிங்க. பாட்டியோட குடும்ப ஜெபத்துல உட்காரும்போது உதவும்.

சனிக்கிழமை சிசிஏவும் (பள்ளியோட இணைப்பாட நடவடிக்கை) சபை வாலிபர் கூட்டமும் மோதினா, கூட்டத் தலைவர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க. சொல்லாம நின்னாத்தான் திரும்பப் போக வெட்கமா இருக்கும்.

பெற்றோர்களே, "படிச்சியா?"ன்னு விசாரணை வேண்டாம். எது புரியலைன்னு கேளுங்க. உங்களுக்கும் தெரியலையா? சமாளிக்காம போதகர்கிட்ட சேர்ந்தே போய்க் கேளுங்க.