மனநோயுள்ள, 18 தாண்டிய பிள்ளைக்குக் காப்பாளர்: மனு எழுதுமுன் சில குறிப்புகள்

4 மார்ச் 2025, செவ்வாய்

பிள்ளைக்கு 18 முடிந்த மறுநாளே, சட்டப்படி அப்பா அம்மா காப்பாளர் இல்லை. மனச்சிதைவு இருந்தாலும் அப்படித்தான். 1890-ஆம் வருடக் காப்பாளர் சட்டம் மைனர்களுக்கு மட்டும். 1987 மனநலச் சட்டத்தில் மாவட்ட நீதிமன்றமே விசாரித்துக் காப்பாளரையும் சொத்துக்கு மேலாளரையும் போட ஒரு அத்தியாயம் இருந்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அதை ரத்து செய்தது. அந்த இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை. பழைய மாதிரியைப் பார்த்து அடித்த மனுவைக் கோர்ட் நம்பர் போட்டு ஏற்காமல் திருப்புவது இதனால்தான்.

7 மார்ச், வெள்ளி

அடுத்து எல்லோரும் போவது கலெக்டர் ஆபீஸ். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி அங்கே உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கும்தான். ஆனால் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்கு மட்டும். மனநோய் மட்டும் என்றால் அலைச்சல்தான் மிச்சம்.

11 மார்ச், செவ்வாய்

மனுவுக்கு முன்னால் கேட்க வேண்டியது: இப்போது எந்த வேலை நிற்கிறது? ஆஸ்பத்திரியில் சேர்ப்பதுதான் என்றால் கோர்ட்டே வேண்டாம். 2017 சட்டத்தில் 'நியமனப் பிரதிநிதி' உண்டு: சிகிச்சை முடிவுகளில் துணை நிற்கப் பிள்ளையே பெயர் சொல்லும் ஆள். பிள்ளை தெளிவாக இருக்கும் நாளில் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். பெயர் குறிப்பிடப்பட்டவரும் சம்மதத்தை எழுதித்தர வேண்டும். முத்திரைத்தாள் வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள். பிள்ளை நினைத்தால் எப்போதும் பெயரை மாற்றலாம். யாரையும் எழுதாவிட்டால் உறவினர் அந்த இடத்துக்கு வருவார்.

பிள்ளை சம்மதிக்காத நிலையில் சேர்க்க, பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும். அன்றோ அதற்கு முந்தைய 7 நாளுக்குள்ளோ இரண்டு பேர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும், ஒருவராவது மனநல மருத்துவர். முதலில் அதிகபட்சம் 30 நாள். மனநல ஆய்வு வாரியத்துக்கு 7 நாளில், பெண் என்றால் 3 நாளில், ஆஸ்பத்திரி தெரிவிக்க வேண்டும்.

14 மார்ச், வெள்ளி

"பவர் வாங்கிட்டோம் சார்" என்பார்கள், பிள்ளையிடம் எழுதி வாங்கிய அதிகாரப் பத்திரத்தைக் காட்டி. எழுதிக்கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவுப்படி அந்தப் பவர் முடிந்துபோகும். எந்த நாளுக்காக எழுதி வாங்கினார்களோ, அந்த நாளில் அது செல்லாது.

19 மார்ச், புதன்

வீட்டுப் பங்கை விற்பது, பாகப்பிரிவினை, பெரிய டெபாசிட்: இவற்றுக்குத்தான் உத்தரவு தேவை. வழி, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. அது தருவது வரையறுக்கப்பட்ட காப்பாளர்: குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டு. "சகல காரியங்களுக்கும் நிரந்தரமாக" என்று கோரினால் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும் முதல் வரி அதுதான்.

போதிய உதவி கொடுத்தும் சட்டப்படி செல்லத்தக்க முடிவெடுக்க முடியவில்லை என்று காட்ட வேண்டும். பெரும்பாலான மனுக்களில் இந்தப் பத்தியே இருக்காது. விளக்கிச் சொன்னது, அவகாசம் கொடுத்தது, மருந்து நிலைப்பட்ட பிறகு மறுபடி கேட்டது, எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள்.

டாக்டர் சான்றில் நோயின் பெயர் மட்டும் போதாது. மனநோய் இருப்பதாலேயே ஒருவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்று 2017 சட்டமே சொல்கிறது. "விற்றால் வீடு தன் கையை விட்டுப் போகும் என்பது புரிகிறதா? வரும் பணம் எவ்வளவு என்று சொல்லத் தெரிகிறதா?" சான்று இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

கூடவே யூடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. மனநோய்க்கு ஐடியாஸ் அளவுகோலில் மதிப்பெண் போடுவார்கள்: சுயபராமரிப்பு, பழகும் விதம், பேச்சும் புரிதலும், வேலை, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4; நோயின் காலத்துக்கு 4 வரை. கூட்டி 7 வந்தால் 40 சதவீத ஊனம். பழைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப்போட்டவர்கள் கால மதிப்பெண்ணில் கோட்டை விடுகிறார்கள்.

வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, உடன்பிறந்தோரின் ஆட்சேபமின்மைப் பிரமாணப் பத்திரம் ஆகியவற்றையும் சேருங்கள். விற்க அனுமதி வேண்டுமென்றால் சர்வே எண்ணோடு கோருங்கள். பொதுவாகக் 'காப்பாளர்' என்று மட்டும் உத்தரவு இருந்தால் சார்பதிவாளர் மேசையில் நின்றுவிடும்.

வக்கீல் ஃபீஸ் முடியாதென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, தொலைபேசி 15100. மனு போடுவது அம்மா என்றால் வருமான வரம்பு கிடையாது.

26 மார்ச், புதன்

பென்ஷன். மத்திய அரசு ஓய்வூதியருக்குப் பிறகு, சம்பாதிக்க இயலாத மனநலக் குறைபாடுள்ள பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. யார் வாங்கிக் கொடுப்பது என்று பெற்றவர் உயிரோடிருக்கும்போதே நியமனம் எழுதிவைத்திருந்தால், கோர்ட் காப்பாளர் சான்று தேவையில்லை. வங்கி கவுண்டரில் கேட்கத்தான் கேட்பார்கள். 2021 ஓய்வூதிய விதிகளில் 50-ஆம் விதியின் நகலும், அலுவலக முத்திரை விழுந்த நியமனப் படிவமும் ஒரே உறையில் இருக்கட்டும்.