பனிச் சவலும் உப்புவெளி மணலும்

ஒக்டோபர், இரண்டாம் கிழமை

கனடாவிலிருந்து அண்ணா அனுப்பிய கப்பல் பெட்டி வந்து சேர்ந்தது. சொக்லேற், சவர்க்காரம், யாருக்கும் அளவில்லாத இரண்டு ஜக்கெற். எல்லாவற்றுக்கும் அடியில், போர்வையில் சுற்றியபடி, அங்கே பனி அள்ளுகிற அலுமினியச் சவல் ஒன்று. வாய் 14 அங்குல அகலம். பின்பக்கமும் இரு பக்கமும் விளிம்பு உயர்ந்து, சுளகுக்குக் காம்பு போட்ட மாதிரி இருந்தது.

"அண்ணா, இஞ்ச எங்க பனி கொட்டுது?" என்று போனில் கேட்டேன்.

"பனி இல்லாட்டி என்ன, வளவு முழுக்க வேப்பஞ் சருகு கொட்டுதுதானே. நீ எத்தினை சவல் உடைச்சனி எண்டு எனக்குத் தெரியும்."

அது உண்மைதான். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. மறுநாள் ஒழுங்கையை மூடிக் கிடந்த மணலை அள்ளும்போது என் சவல் கழுத்தோடு போனது. அதற்குப் பிறகு வாங்கியவை இரண்டும் ஒரு மாரியைத்தான் கண்டன. ஆகவே இந்த மாரிக்கு எது தாக்குப்பிடிக்கிறது என்று பார்த்து எழுதிவைப்பதாக முடிவு.

ஒக்டோபர், கடைசிக் கிழமை

மழை இன்னும் பிடிக்கவில்லை. சருகு கூட்டி அள்ளினேன். சும்மா சொல்லக்கூடாது, ராச வேலை. ஒரு தள்ளில் அரைக் கடகம் நிறைகிறது. பக்கத்து விளிம்பு இருப்பதால் காற்றடித்தாலும் கொட்டுவதில்லை. முன்பு ஒரு மணித்தியாலம் எடுத்த வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது.

பக்கத்து வீட்டு மேசன் அண்ணை மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "உது சவல் இல்லைத் தம்பி. அன்னதானத்துக்குச் சோறு அள்ளுற அகப்பை."

சிரித்துவிட்டேன், ஆனால் அந்தச் சொல் மனதில் கிடந்தது. பின்னேரம் ஒரு லீற்றர் ஐஸ்கிறீம் பெட்டியால் அளந்து பார்த்தேன். விளிம்பு மட்டத்துக்கு 9 லீற்றர் பிடிக்கிறது. மீன் நிறுக்கும் கொளுக்கித் தராசில் தூக்கி, சவலின் பாரத்தைக் கழித்தேன். சருகு அரைக் கிலோவும் இல்லை. அதே வாய் நிறைய ஈர மணல் 17 கிலோ!

பனியோடு ஒப்பிட்டால் விஷயம் விளங்குகிறது. புதிதாக விழுந்த பனி ஒரு கன மீற்றருக்கு 100 கிலோ அளவில்தான் வரும். ஈரப் பனி 300, 400 வரை போகலாம். அப்படியானால் இந்த வாய்க்குள் ஒரு கிலோ, மிஞ்சினால் மூன்றரைக் கிலோ. ஈர மணலோ கன மீற்றருக்கு 1900 கிலோவை ஒட்டி நிற்கிறது. வாயின் அகலம் அள்ளுகிற பொருளின் பாரத்தைப் பார்த்து வைத்தது. நான் இத்தனை நாளும் சவலைச் சவலாக மட்டுமே பார்த்திருக்கிறேன்.

1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் பெத்லகேம் இரும்பாலையில் பிரெடரிக் டெயிலர் என்ற பொறியியலாளர் இதைத்தான் அளந்து பார்த்தார். ஒரு வீச்சுக்கு 21 இறாத்தல் அளவில், அதாவது ஒன்பதரைக் கிலோ அள்ளுகிற ஆள்தான் நாள் முழுதும் கூடுதலாக அள்ளுகிறான் என்று கண்டு, இரும்புத் தாதுக்குச் சின்ன வாய், சாம்பலுக்குப் பெரிய வாய் என்று சவல்களைப் பிரித்துக் கொடுத்தார். கூலியாட்களைப் பிழிவதற்குச் செய்த கணக்குத்தான். ஆனாலும் என் நாரிக்கு உதவுகிறது.

நவம்பர்

மேலே எழுதியதை எழுதிய கையே இதையும் செய்தது.

நான்கு நாள் அடைமழை. ஒழுங்கை மணல் எல்லாம் வாசல் கானுக்குள் இறங்கி, தண்ணீர் முற்றத்துக்கு ஏறத் தொடங்கியது. இரவு ஒன்பது மணி. கையில் அகப்பட்டது அலுமினியச் சவல்தான். மணலுக்கு அடியில் வேப்பமர வேர் ஒன்று. அலவாங்கு எடுக்கப் பஞ்சிப்பட்டு, சவலை உள்ளே செருகிக் காம்பை மிதித்துக் கிளப்பினேன். வேர் அசையவில்லை. சவலின் மூலை மட்டும் வெற்றிலைச் சுருள் மாதிரி மடிந்துகொண்டது.

மறுநாள் தென்னங் குற்றியில் வைத்து மரச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினேன். நிமிர்ந்தது, ஆனால் மடிந்த இடத்தில் மயிரிழை வெடிப்பு. அலுமினியம் மடிக்க மடிக்க இறுகி, பிறகு பிளந்துவிடும். கம்பியை மாறி மாறி வளைத்து முறிப்போமே, அதே கதை. வெடிப்பு முடிகிற புள்ளியில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டேன். வெடிப்பு அதற்கப்பால் ஓடாமல் நிற்க இது பழைய பட்டறை வழி. இதுவரை நிற்கிறது.

டிசம்பர்

கானுக்கென்று இரும்புச் சவல் ஒன்று வாங்க ரவுணுக்குப் போனேன். முந்தியென்றால் காம்பின் வர்ணத்தைப் பார்த்துக் காசைக் கொடுத்திருப்பேன். இந்த முறை தடிப்பு அளக்கிற வேர்ணியர் கலிப்பரோடு போனதால் கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

முதல் எடுத்தது பளபளவென்று நல்ல வடிவு. தகட்டின் நடுவில் பெருவிரலால் அழுத்தினேன். "டப்" என்று உள்ளே போய், விட்டதும் "டப்" என்று வெளியே வந்தது, பால்மா ரின் மூடி மாதிரி. தடிப்பு 1.2 மில்லிமீற்றர். அடுத்தது அசையவில்லை. 1.9 மில்லிமீற்றர், அதாவது 14 கேஜ். கேஜ் எண் கூடினால் தகடு மெலியும் என்பதை மறந்து 16 கேஜைத் தூக்கிவரும் ஆட்கள் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருவன்.

தகட்டைவிட முக்கியம் கழுத்து. என் பழைய சவல்கள் மூன்றும் அங்கேதான் முறிந்தன. மலிந்தவற்றில் தகட்டையே மடித்துக் குழல் செய்திருப்பார்கள். பின்னால் திறந்த பள்ளம் தெரியும். ஈர மண் அதற்குள் போய் இருந்து துரு பிடிக்கும். நான் வாங்கியதில் குழல் முழுதாக மூடி, காம்பை ஒரு சாண் நீளத்துக்குப் பிடித்திருக்கிறது. வாய் ஒன்பதரை அங்குலம்தான். வீட்டில் ஈர மணலைக் குவித்து அள்ளி நிறுத்தேன். 9 கிலோ. டெயிலர் சொன்னதற்கு அரைக் கிலோதான் குறைவு.

பிளாஸ்ரிக் சவலும் தொங்கியது. அண்ணாவைக் கேட்டேன். "இருபது மைனஸில விளிம்பு தெறிக்கும்" என்றார். இங்கே குளிர் இல்லை, ஆனால் எங்கள் வெயிலில் பிளாஸ்ரிக் வாளி ஒன்று எத்தனை மாதம் வெளியே நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். விட்டுவிட்டேன்.

ஜனவரி

அலுமினியம் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையில் மாரி முழுவதும் வெளியே சாத்தி வைத்திருந்தேன். எங்கள் உப்புவெளி பெயரிலேயே உப்பை வைத்திருக்கிற ஊர், கடல் கூப்பிடு தூரத்தில். காம்பைப் பிடித்திருக்கும் ஆணிகளைச் சுற்றி வெள்ளைப் பொடி! ஆணி இரும்பு. இரும்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டு இருந்தால் அலுமினியம்தான் கரையும். இரும்பாணிகளைத் துளைத்து எடுத்து அலுமினிய ஆணி அடித்தேன். வேலைக்குப் பிறகு நல்ல தண்ணீரில் அலசி விறாந்தைக்குள் தொங்கவிடுகிறேன்.

இரும்புச் சவலின் காம்பு பூவரசு. அதற்குத் தேங்காயெண்ணெய் பூசியது இன்னொரு மடைத்தனம். அது காயாது; ஒரு கிழமையாகத் தூசியும் எறும்பும்தான் ஒட்டின. சுரண்டிவிட்டு லின்சீட் எண்ணெய், அதாவது ஆளிவிதை எண்ணெய் தேய்த்தேன். அது காற்றுப் பட்டு இறுகும் எண்ணெய். மெல்லியதாக மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு நாள். இப்போது காம்பு கையில் வழுக்குவதும் இல்லை, சிலாம்பு ஏறுவதும் இல்லை.

மார்ச்

தம்பலகாமத்திலிருந்து மேசன் அண்ணை வீட்டுக்குப் புது நெல் வந்திறங்கியது. முற்றத்தில் படங்கு விரித்துக் காயப்போட்டிருந்தார்கள். அவர்கள் வீட்டு அக்கா கையாலும் சுளகாலும் அள்ளிக்கொண்டிருக்க, "தம்பி, உங்கட அந்தச் சோத்து அகப்பையை ஒருக்காத் தாங்கோவன்" என்று அண்ணையே வந்து கேட்டார்.

கொடுத்தேன். மதிலருகில் நின்று பார்த்தேன். தானியம் அள்ளவும் இந்த வடிவத்தைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு வாய் நெல் ஐந்து கிலோ அளவில். ஒரு மணி சிந்தவில்லை. துளை போட்ட மூலையைக்கூட அக்கா கவனித்ததாகத் தெரியவில்லை.

நெல் காய்ந்து, மூட்டை கட்டி, குத்தவும் கொடுத்தாயிற்று. சவல் இன்னும் அவர்கள் வீட்டு நெல்லறையில். நேற்று அண்ணா போனில் அதைப்பற்றிக் கேட்டார். நல்லா வேலை செய்யுது என்றேன்.