பழைய விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட: வைன் குறிப்புகள்

2001-ல் வந்த பேஜ்மேக்கர் 7-ஐயும் பாமினி எழுத்துருவையும் விட முடியாத டிடிபி கடைகள் இன்னும் இருக்கின்றன. கம்ப்யூட்டரை உபுண்டுவுக்கு மாற்றலாம் என்றாலே முதல் கேள்வி, "நம்ம சாஃப்ட்வேர் அதுல ஓடுமா?" என்பதுதான். அந்த வயதுள்ள மென்பொருளுக்கு முதலில் வைனைத்தான் முயன்று பார்க்க வேண்டும். விர்ச்சுவல் மெஷின் (லினக்ஸுக்குள்ளேயே முழு விண்டோஸை ஓட்டும் வழி) அதற்கு அப்புறம். அதற்கு விண்டோஸ் லைசென்ஸ் தனியாக வேண்டும், ராமிலும் பெரிய பங்கைக் கொடுத்துவிட வேண்டும்.

வைன் எமுலேட்டர் (இன்னொரு கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் மென்பொருள்) இல்லை. ஈஎக்ஸ்இ ஃபைலில் இருக்கும் கட்டளைகள் நேரடியாக உங்கள் பிராசஸரிலேயே ஓடுகின்றன. "இந்த ஃபைலைத் திற", "இங்கே ஒரு ஜன்னல் வரை" என்று நிரல் விண்டோஸிடம் கேட்பதை மட்டும் வைன் வாங்கி லினக்ஸிடம் சொல்கிறது. வேகம் குறையாததற்கு அதுதான் காரணம். ராஸ்பெரி பை போன்ற ஆர்ம் கருவிகளில் வைன் மட்டும் போதாமல் போவதற்கும் அதுவே காரணம். அங்கே பிராசஸர் வேறு வகை; கட்டளைகளை அதற்கேற்ப மாற்றித்தரும் பாக்ஸ்64 மாதிரி ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

பலரும் சறுக்குவது ப்ரீஃபிக்ஸில். ப்ரீஃபிக்ஸ் என்பது ஒரு ஃபோல்டர். அதற்குள் தனி சி டிரைவ், தனி ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் இடம்). ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லா மென்பொருளும் ஹோமில் மறைந்திருக்கும் 'புள்ளி வைன்' ஃபோல்டருக்குள் போய் விழும் (கன்ட்ரோலும் எச்சும் அழுத்தினால் தெரியும்). ஒன்றுக்காகப் போட்ட டிஎல்எல் (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணை ஃபைல்) இன்னொன்றைக் கவிழ்ப்பது அங்கேதான். மென்பொருளுக்கு ஒரு ப்ரீஃபிக்ஸ் என்று வையுங்கள். டெர்மினல் பிடிக்காதவர்களுக்கு 'பாட்டில்ஸ்' அதையே பட்டனில் செய்துதரும். ஆனால் அது ஃப்ளாட்பேக்காக (மற்ற ஃபைல்களிலிருந்து தள்ளிவைத்து ஓட்டும் தொகுப்பாக) வருவதால் உங்கள் ஃபைல்கள் ஓபன் பெட்டியில் தெரியாமல் போகலாம். அந்த அனுமதிகளை மாற்றும் ஃப்ளாட்சீல் செயலியில் அந்த ஃபோல்டருக்கு அனுமதி கொடுத்தால் சரியாகிவிடும். எந்த நிலையிலும் சூடோ போட்டு (நிர்வாகியான 'ரூட்' அதிகாரத்தில்) வைனை ஓட்டாதீர்கள். ஃபைல்கள் ரூட் பெயருக்குப் போய்விட்டால் அடுத்த முறை வைன் திறக்கவே மறுக்கும்.

1990-களின் சிடிக்களில் ஒரு வேடிக்கை உண்டு. மென்பொருள் 32 பிட்டாக இருக்கும், அதன் செட்டப் மட்டும் 16 பிட். 64 பிட் விண்டோஸ் பெரும்பாலும் அதைத் தொடாது; வைனின் 32 பிட் ப்ரீஃபிக்ஸில் ஓடிவிடும்! வைன் 9-ல் அறிமுகமான புது வாவ்64 முறையில் (32 பிட் லைப்ரரிகள் இல்லாமலே 32 பிட் நிரலை ஓட்டும் ஏற்பாடு) மட்டும் தொடக்கத்தில் 16 பிட்டுக்கு இடமில்லை; வைன் 11-ல் அது சரியாகிவிட்டது. உங்களிடம் இருப்பது அதற்கு முந்தைய வைன் என்றால் ஐ386 ஆர்க்கிடெக்சரை (32 பிட் தொகுப்புகளை) சேர்த்து, 32 பிட் லைப்ரரிகளோடு வரும் பழைய வகைத் தொகுப்பையே போடுங்கள்.

நிரல் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டால் டெர்மினலிலிருந்து ஓட்டி, என்ன புலம்புகிறது என்று படியுங்கள். எம்எஃப்சி42 டிஎல்எல் இல்லை என்றால், இவற்றை நிறுவித்தரும் வைன்டிரிக்ஸ் கருவியில் அதே பெயரைத் தேர்ந்தெடுங்கள். எம்எஸ்விசிபி140 என்றால் விசுவல் சி++ ரன்டைம் வேண்டும். ஒற்றை டிஎல்எல்லை ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கிப் போடுவது வினையை விலைக்கு வாங்குவது.

இனி தமிழ். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. அதனால் டிடிஎஃப் ஃபைலை சி டிரைவ், விண்டோஸ், ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டால் போதும். யூனிகோட்தான் தொல்லை: நிரல் விண்டோஸின் தமிழ் எழுத்துருவான லதாவைக் கேட்கும், உங்களிடம் இருக்காது, கட்டம் கட்டமாக வரும். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் எச்கீ கரன்ட் யூசர், சாஃப்ட்வேர், வைன், ஃபான்ட்ஸ், ரீப்ளேஸ்மென்ட்ஸ் வரை போங்கள் (இல்லாத கீயை உருவாக்குங்கள்). 'லதா' என்ற பெயரில் ஒரு ஸ்ட்ரிங் சேர்த்து, மதிப்பாக லினக்ஸில் நிறுவியிருக்கும் 'லோஹித் தமிழ்' எழுத்துருவைக் கொடுங்கள். இரண்டையும் ஆங்கிலத்தில், எழுத்துருவின் பெயர் எப்படியோ அப்படியே அடிக்க வேண்டும். தட்டச்சுக்கு விண்டோஸ் கீபோர்டு மென்பொருளை வைனில் போட்டுப் பயனில்லை. லினக்ஸின் தட்டச்சு மென்பொருளான ஐபஸ்ஸில் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும்.

எடைமெஷினை சீரியல் போர்ட்டில் மாட்டி பில் போடுகிறவர்களுக்கு ஒரு சிக்கல். வைன் முதல் 32 எண்களைப் பழைய சீரியல் போர்ட்டுகளுக்கு ஒதுக்கிவிடுவதால் யுஎஸ்பி கன்வெர்ட்டர் பெரும்பாலும் காம்33 ஆகிவிடும். பில்லிங் நிரலோ காம்4-க்கு மேல் காட்டாது. எச்கீ லோக்கல் மெஷினில் சாஃப்ட்வேர், வைன், போர்ட்ஸ் கீயின் கீழ் காம்1-ஐ அந்த யுஎஸ்பி போர்ட்டுக்குத் திருப்பிவிட்டு, வைனை முழுதாக நிறுத்தித் தொடங்குங்கள். உங்கள் பயனர் டயல்அவுட் குழுவில் (சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி உள்ள குழு) இருக்கிறாரா என்றும் பாருங்கள். பிரின்டருக்கு இந்தப் பாடு கிடையாது, லினக்ஸில் ஓடுவது வைனிலும் தெரியும்.

வைனில் வைரஸ் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இசட் டிரைவ் என்று அது காட்டுவது உங்கள் முழு லினக்ஸ் டிஸ்க்கை. ரான்சம்வேர் ஹோமைத் தாராளமாகப் பூட்டும். வைனின் அமைப்புக் கருவியான வைன்சிஎஃப்ஜியில் டிரைவ்ஸ் பக்கம் போய் இசட்டை நீக்கிவிட்டு, வேலை ஃபோல்டரை மட்டும் ஒரு டிரைவாகக் கொடுங்கள். அது முழுப் பூட்டு ஆகாது, ஆனாலும் கதவைச் சாத்தியதாவது ஆகும்.

ஹார்டுவேர் லாக் (மென்பொருள் ஓட யுஎஸ்பியில் செருக வேண்டிய சாவி) கேட்கும் மென்பொருளுக்காக மட்டும் நாளை வீணாக்க வேண்டாம். அந்த லாக்கின் டிரைவர் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் உட்கார வேண்டியது, வைனில் அந்தக் கெர்னல் இல்லை. விர்ச்சுவல்பாக்ஸ் என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருளில் விண்டோஸைப் போட்டு, செட்டிங்ஸில் யுஎஸ்பி ஃபில்டர் சேர்த்து, லாக்கை அதற்குள் விட்டுவிடுங்கள்.