தரவரிசையை விடுங்கள், அறிவுசார் சொத்துக் கொள்கையைக் கேளுங்கள்

மெட்ரிக், அதாவது தென்னாப்பிரிக்காவின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டது. கணிதத்திலும் பிசிக்கல் சயன்ஸிலும் டிஸ்டிங்ஷன், ஆங்கிலம் பரவாயில்லை. பிப்ரவரியில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் கல்லூரி வளாகத்தில் மின்னணுப் பொறியியலில் சேர்கிறேன். தரவரிசையில் மேலே இருக்கும் கேப் டவுன் பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைத்தது, வேண்டாம் என்று எழுதிவிட்டேன். "பைத்தியமா உனக்கு?" என்று எங்கள் டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் பாதிப் பேர் கேட்டாயிற்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லப் பொறுமை இல்லாததால் இதை எழுதுகிறேன். பட்டம் வாங்கி நல்ல நிறுவனத்தில் வேலைக்குப் போக நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இது சொந்தமாக ஒன்றைச் செய்து விற்க நினைப்பவர்களுக்கு.

அப்பா குளிர்பதனப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பவர். இறைச்சிக் கடைகளும் இங்குள்ள பங்களாதேஷ் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள சிறு கடைகளும்தான் அவருடைய வாடிக்கை. லோட் ஷெடிங் எனும் சுழற்சி மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023இல் நான் பத்தாம் வகுப்பு. மின்சாரம் போய்வந்த பிறகு ஃபிரீசர் ஓடாமல் நிற்பதும், காலையில் கடை திறக்கும்போது சரக்கெல்லாம் நாறுவதும் அப்போது வாடிக்கை. வெப்பம் ஏறினால் கடைக்காரரின் தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்றைச் செய்தேன். சில கடைகளில் இன்றும் ஓடுகிறது. ஆகவே பல்கலைக்கழகம் தேடியபோது என் கேள்வி ஒன்றுதான்: நான் செய்வது யாருக்குச் சொந்தமாகும்?

பள்ளிக்கு வந்த வழிகாட்டிகள் எவரும் இதைச் சொல்லவில்லை. 2008ஆம் ஆண்டின் 51ஆம் எண் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 2010 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியில் பிறக்கும் அறிவுசார் சொத்து (கண்டுபிடிப்பு, வடிவமைப்பு போன்றவற்றின் உரிமை) ஆராய்ச்சியை நடத்திய பல்கலைக்கழகம் போன்ற நிறுவனத்துக்கே உரியது என்கிறது அது. உருவாக்கியவருக்கு, முதல் பத்து லட்சம் ராண்ட் வருவாய் வரை குறைந்தது 20 சதவீதம். அதற்கு மேல் நிகர வருவாயில் குறைந்தது 30. மாணவர் உதவித்தொகையாக வரும் பணம் 'அரசுப் பணம்' என்ற கணக்கில் சேராது. ஆய்வின் முழுச் செலவையும் ஒரு தனியார் நிறுவனம் ஏற்றாலும் விதி வேறு. மற்ற எல்லாவற்றையும், அதாவது உங்கள் இறுதியாண்டுத் திட்டப்பணியையும், அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் கொள்கைதான் தீர்மானிக்கும். அந்தக் கொள்கையை இணையத்தில் தேடிப் படியுங்கள். உறங்கவைக்கும் நடைதான், ஆனால் சில பக்கங்களே.

பல்கலைக்கழகங்கள் மாணவர்களைச் சந்திக்கும் ஒரு திறந்த நாள் நிகழ்ச்சியில் இதை மேசைக்கு மேசை கேட்டேன். ஒரு பல்கலைக்கழகத்தின் மேசையில் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டு, விடுதிப் படங்கள் உள்ள மடிப்பிதழைக் கையில் திணித்தார்கள். அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து அங்கேயே அடித்துவிட்டேன். அவசர முடிவு என்று அம்மா சொன்னார். எனக்கு இன்றும் சரியாகத்தான் படுகிறது.

என் தந்திரம் இதுதான், இதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தில் பதிவு செய்வதற்கு முன்பே, நீங்கள் செய்து வைத்திருப்பதைப் படத்தோடும் தேதியோடும் எழுதி வையுங்கள். புதுமை இருந்தால் காப்புரிமைகளைப் பதியும் அரசு அலுவலகமான சி.ஐ.பி.சி.யில் புரொவிஷனல் (தற்காலிக) காப்புரிமை விண்ணப்பம் போடுங்கள்; அதை நீங்களே போடலாம். முழு விண்ணப்பத்துக்குத்தான் காப்புரிமை வழக்கறிஞர் தேவை, அதற்குப் பன்னிரண்டு மாத அவகாசம் இருக்கிறது. ஆனால் வெளியே காட்டிவிட்ட எதுவும் சட்டத்தின் கண்ணில் புதியது ஆகாது. கடைகளில் ஓடும் என் முதல் கருவிக்கு அதனால் வழியில்லை. கம்ப்ரசர் ஓடும் நேரத்தை அளந்து பழுதை முன்கூட்டியே சொல்லும் அடுத்த கருவியை யாருக்கும் காட்டவில்லை. தேர்வு முடிந்த டிசம்பரில் அப்பாவை அருகில் உட்காரவைத்துக்கொண்டு அதற்கு விண்ணப்பித்தேன். ஹோவர்ட் கல்லூரியில் எந்தப் பேராசிரியரிடம் என்ன செய்தாலும், அதற்கு முன் எது என்னுடையது என்பதற்குத் தாள் இருக்கிறது.

இனி பணம். எரிச்சல் இங்கேதான். குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருந்தால்தான் அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்.எஸ்.எப்.ஏ.எஸ். கைகொடுக்கும். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து சம்பாதிப்பது அதைக் கொஞ்சம் தாண்டுகிறது. கேப் டவுனில் கட்டணம், விடுதி, சாப்பாடு, விமானம் என்று கூட்டினால் தலை சுற்றும். எங்களைப் போன்ற இடைப்பட்ட குடும்பங்களுக்கென்று 2024இல் ஒரு திட்டம் அறிவித்தார்கள், அதுவும் கடன்தான். பெரிய நிறுவனங்களின் பர்சரி (படிப்புச் செலவுக்கான உதவித்தொகை) இருக்கிறதே என்பார்கள். பர்சரி எடுத்தால் பெரும்பாலும் அவர்கள் பணம் கொடுத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் ஆண்டு அவர்களிடம் உழைக்க வேண்டும். இருபத்திரண்டு வயதில் தொழில் தொடங்க நினைப்பவருக்கு அது கால்விலங்கு. வீட்டிலிருந்து பலரும் சேர்ந்து போகும் மினிபஸ் டாக்சியில் போய்ப் படிப்பது எனக்கு மலிவு. வாடிக்கையாளர்களும் இங்கேயே இருக்கிறார்கள்.

தொழில்முனைவுக்குப் பெயர்பெற்ற இடம் என்றால் ஸ்டெலன்பாஷ் பல்கலைக்கழகம்தான், மறுக்கவில்லை. 1999இல் விண்ணுக்குப் போன சன்சாட், தென்னாப்பிரிக்காவின் முதல் செயற்கைக்கோள், அங்கே மாணவர்கள் கட்டியது. சிறு செயற்கைக்கோள்களுக்கான கருவிகளைச் செய்யும் கியூப்ஸ்பேஸ் நிறுவனம் அங்கே கிளைத்தது. விண்வெளிதான் கனவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போங்கள். ஜோகன்னஸ்பர்க் ஆசை உள்ளவர்களுக்கு விட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஷிமோலோகோங் தொழில்நுட்பப் புத்தாக்க மையம் நகரின் பிராம்ஃபொன்டைன் பகுதியிலேயே இருக்கிறது. மாமா மட்டும் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஈலோன் மஸ்க் பெயரை இழுப்பார். மஸ்க் 1989இல் நாட்டைவிட்டே போனவர், அதை வைத்து எந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது? மார்க் ஷட்டில்வொர்த் கேப் டவுனில் படித்தவர்தான். தாட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தைத் தொடங்கி 1999இல் வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றவர். ஆனால் அவர் படித்தது வணிக அறிவியல், பொறியியலே இல்லை.

பாட்டியின் அண்ணனுக்கு இந்தத் தலைவலியெல்லாம் இல்லை. நிறவெறி ஆட்சியில், 1961இல் இந்தியர்களுக்கென்று டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் ஒரு கல்லூரியைத் திறந்து, படகேறிப் போய்ப் படி என்றார்கள். நமக்குத் தேர்ந்தெடுக்கக் கிடைத்திருக்கிறது, ஊர் சொல்வதைக் கேட்டு ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?

பாடப் பிரிவு: டர்பனின் மெரபேங்க் பக்கத்தில் இன்னும் வேதிப் பொறியியல் என்றால் மரியாதை. அருகே இருந்த எங்கன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 2020 டிசம்பர் வெடிப்போடு நின்றது. இன்னோர் ஆலையான சாப்ரெஃப் 2022இல் நின்றது. சர்க்கரை, காகிதம், தண்ணீர் என்று வேறு வழிகள் உண்டு, ஆனால் பெரியப்பா காலத்துக் கணக்கை வைத்துச் சேராதீர்கள். கட்டடம், பாலம் என்று ஆலோசனை நிறுவனம் நடத்த நினைப்பவர்கள் பொறியாளர்களைப் பதிவுசெய்யும் மன்றமான இ.சி.எஸ்.ஏ.வின் அங்கீகாரத்தைக் கட்டாயம் பாருங்கள்: நான்காண்டுப் பட்டம் தொழில்முறைப் பொறியாளர் பதிவுக்கு, டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் (டி.யு.டி.) மூன்றாண்டு பொறியியல் தொழில்நுட்பப் பட்டமான பி.இ.டெக். தொழில்நுட்பவியலாளர் பதிவுக்கு. பொருள் செய்து விற்பவர்களுக்கு இந்த வேறுபாடு அவ்வளவு உறைக்காது. கையால் வேலை செய்யப் பிடித்தவர்கள் டி.யு.டி.யைக் குறைத்து நினைக்க வேண்டாம்.

திறந்த நாளில் மடிப்பிதழ் கொடுப்பவர்களை விட்டுவிட்டு நான்காம் ஆண்டு மாணவர் யாரையாவது பிடியுங்கள். ஹோவர்ட் கல்லூரியில் படிக்கும் ஓர் அக்காவிடம் நான் கேட்டவை:

– ஆய்வகம் மாலை எத்தனை மணிக்குப் பூட்டப்படும்? வார இறுதியில் திறக்குமா?
– திட்டப்பணித் தலைப்பை மாணவரே கொண்டுவரலாமா?
– விடுமுறைக்காலத் தொழிற்பயிற்சியைச் சிறு பட்டறையில் செய்தால் ஏற்பார்களா? (அப்பாவின் பட்டறை மனத்தில் இருந்தது.)

பதினோராம் வகுப்பில் இருப்பவர்களுக்கு, வரிசையில்லாமல்:

– உங்களுக்கு முதலில் இடம் தருவது பதினோராம் வகுப்பு மதிப்பெண். மெட்ரிக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் பிறகு காத்திருப்புப் பட்டியலில் நிற்பார்கள்.
– கேப் டவுன் விண்ணப்பம் வழக்கமாக ஜூலை இறுதியில் மூடிவிடும், குவாசுலு-நட்டால் மாகாணப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அலுவலகமான சி.ஏ.ஓ. செப்டம்பர் இறுதியில். சி.ஏ.ஓ.வில் முதல் இடத்தில் உண்மையில் வேண்டியதைப் போடுங்கள், அத்தைக்குப் பிடித்ததை அல்ல.
– சில பல்கலைக்கழகங்கள் கேட்கும் தேசிய நுழைவுத் தகுதித் தேர்வான என்.பி.டி.யில் கால்குலேட்டர் கிடையாது. ஒரு மாதம் அதை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டுப் படியுங்கள்.
– குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. பேச்சுதான் மிஞ்சுகிறது. பழைய வினாத்தாளும் கதவு சாத்திய அறையும் போதும்.
– அரசின் தொழில்நுட்பப் புத்தாக்க முகமையான டி.ஐ.ஏ. புதிய முயற்சிகளுக்குத் தரும் விதை நிதி, பல்கலைக்கழகங்களுக்கிடையே நடக்கும் ஈ.டி.எச்.இ. தொழில்முனைவுப் போட்டி இரண்டையும் இப்போதே குறித்து வையுங்கள். போட்டியில் மேடையேறுமுன் புரொவிஷனல் விண்ணப்பம் போட்டாயிற்றா என்று பாருங்கள்.