சன்னலோரப் பெண்கள்

திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது, 1915-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் போர்ச் சுவரொட்டி கண்ணில் பட்டது.

திறந்த சன்னல். வெளியே சிப்பாய்கள் அணிவகுத்துப் போகிறார்கள். உள்ளே இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு நிற்கிறார்கள். பாவாடையைப் பிடித்தபடி ஒரு சிறுவன்.

‘பிரிட்டன் பெண்கள் சொல்கிறார்கள்: போ!’ என்று வாசகம்.

சொன்னார்களாம். யார் போய்க் கேட்டார்கள்?

இன்னொரு சுவரொட்டி லண்டன் இளம்பெண்களிடம், உன் காதலன் காக்கி அணிந்துவிட்டானா என்று விசாரித்தது. கடமை தவறுகிறவன் நாளை உன்னையும் கைவிடலாம் என்று மிரட்டல் வேறு. வரன் விசாரிக்கும் அத்தைகள் தோற்றார்கள்!

மகனைப் போருக்கு அனுப்பச் சம்மதம் கேட்ட அரசு, நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க அந்தப் பெண்களை அதுவரை விட்டதில்லை. 1918-இல்தான் விட்டது, அதுவும் 30 வயதாகி, சொத்துத் தகுதியும் இருந்தவர்களை மட்டும்.