33 போதாது, 47 போடுங்கள்: பக் கன்வெர்ட்டருக்கு இண்டக்டர்

லாரியின் 24 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 வோல்ட், 3 ஆம்பியர் எடுக்க வேண்டும். இப்படி வோல்டேஜைக் குறைத்துத் தரும் சர்க்யூட்தான் பக் கன்வெர்ட்டர்; அதை ஓட்டும் ஐசி எல்எம்2596. கணக்கை 24இல் போடாதீர்கள். வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் பேட்டரியை 28 வோல்ட் வரை ஏற்றும். உள்ளீடு கூடக் கூட ரிப்பிள் கரண்டும் (ஒவ்வொரு சுழற்சியிலும் இண்டக்டரில் கரண்ட் ஏறி இறங்கும் அளவு) கூடும்.

டியூட்டி, அதாவது ஒரு சுழற்சியில் ஸ்விட்ச் ஆனாக இருக்கும் பங்கு, 5 ÷ 28 = 0.179. ஸ்விட்ச் ஆன் ஆகும்போது இண்டக்டர்மேல் 23 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 4.1. இதை ஃப்ரீக்வன்சியாலும் (150 கிலோஹெர்ட்ஸ்) ரிப்பிளாலும் வகுக்க வேண்டும். லோடில் 30 சதவீதம், அதாவது 0.9 ஆம்பியர் ரிப்பிள் என்றால் 30 மைக்ரோஹென்றி வரும். உடனே கடையில் 33ஐ வாங்கிவிடுகிறோம்.

தவறு அங்கேதான். 33 என்று விற்கும் இண்டக்டர் 20 சதவீதம் குறைந்து 26.4 ஆக இருக்கலாம். ஐசியின் ஃப்ரீக்வன்சியும் 25 டிகிரியிலேயே 127 வரை இறங்கலாம் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. இரண்டும் ஒன்றாக அமைந்தால் ரிப்பிள் 1.22 ஆம்பியர், அதில் பாதியை 3உடன் கூட்டினால் உச்சம் 3.61. ஐசி அனுமதிக்கும் உச்சமான கரண்ட் லிமிட்டோ 25 டிகிரியிலேயே குறைந்தபட்சம் 3.6தான்! டயோடு இழப்பைச் சேர்த்தால் உச்சம் இன்னும் ஏறும். பத்து போர்டில் ஒன்பது ஓடி, ஒன்று மட்டும் முழு லோடில் வோல்டேஜ் இறங்க இது போதும். 47 போட்டால் அதே மோசமான நிலையிலும் உச்சம் 3.43. இருந்தாலும் கேபின் சூட்டில் லிமிட் மேலும் குறையும். 3 ஆம்பியரை முழுதாக நம்ப வேண்டாம்.

அப்படியானால் 100 போடலாமே? அதே அளவு கோரில் சுற்று கூடும், கம்பி மெலியும், செச்சுரேஷன் கரண்ட் (கோர் காந்தத்தால் நிரம்பிவிடும் கரண்ட்) இறங்கும். கம்பியின் ரெசிஸ்டன்ஸ் 100 மில்லிஓம் ஆனால் 3 ஆம்பியரில் 0.9 வாட் வெறும் சூடு.

வாங்கும்போது இரண்டு கரண்ட் எண்களைப் பாருங்கள்: சூட்டுக்கு ஒன்று, செச்சுரேஷனுக்கு ஒன்று. குறைவானதையே கணக்கில் எடுங்கள். ஃபெரைட் டிரம் (டிரம் வடிவ ஃபெரைட் கோர்) என்றால் செச்சுரேஷன் 5 ஆம்பியராவது இருக்கட்டும். எல்லையைத் தாண்டியதும் அதன் இண்டக்டன்ஸ் சட்டென்று சரிந்துவிடும். இண்டக்டரின் மேல் 470 என்று அச்சிட்டிருந்தால்தான் 47. 330 என்றால் 33.

பொருத்தியபின் இண்டக்டரின் அவுட்புட் பக்கம் 50 மில்லிஓம் ரெசிஸ்டரைத் தொடரில் வைத்து ஸ்கோப்பில் பாருங்கள். முக்கோணத்தின் ஏறுமுகம் நேர்கோடாக இருக்க வேண்டும்; நுனி மேல்நோக்கி வளைந்தால் கோர் செச்சுரேட் ஆகிறது. ஃப்ரீக்வன்சியையும் அப்போதே அளந்துவிடுங்கள். எல்எம்2596 என்று அச்சிட்டு, 50 கிலோஹெர்ட்ஸில் ஓடும் போலிகள் சந்தையில் உண்டு. அதில் ரிப்பிள் மூன்று மடங்கு, 47உம் போதாது.